மூடாமல் போன சிரிப்பு

பக்கத்திலேயே கடல் கிடந்தும் குடிதண்ணீருக்குக் குடம் தூக்கி அலைகிற ஒரு ஊரிலே, உப்பளத்துக் காற்று சுவரையெல்லாம் அரித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிற ஒரு வீட்டுவசதி வாரியக் காலனியிலே, சங்கிலி அறுந்த ஊஞ்சலும் ஒரு பெரிய வாதாமரமும் உள்ள பூங்கா ஒன்று இருந்ததாம்; அந்தப் பூங்காவிலே தினமும் காலையில், பால் பாக்கெட் வந்து இட்லிச் சட்டி அடுப்பில் ஏறுவதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், காலனியின் வயதான பெண்களெல்லாம் வட்டமாக நின்று காரணமே இல்லாமல் சிரிப்பார்களாம்.

அதற்குச் சிரிப்பு யோகா என்று பெயர். சொல்லிக்கொடுத்தது ரோஸ்லின் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாதவர். அவர் விசில் ஊதினால் கைதட்டி ‘ஹோ ஹோ, ஹா ஹா ஹா’ என்று தொடங்க வேண்டும். நாக்கை நீட்டிக் குனிந்து சிங்கச் சிரிப்பு, வெறுங்கையைக் காதில் வைத்துப் போன் சிரிப்பு, உதட்டைக் கடித்துக்கொண்டு வாய்மூடிச் சிரிப்பு. எல்லாம் பொய்யாகத்தான் தொடங்கும். எங்கேயோ ஒரு இடத்தில் யாராவது ஒருத்திக்கு அது நிஜமாகிவிடும், பிறகு ஈரத்துணியில் சாயம் இறங்குவதுபோல வட்டம் முழுக்க இறங்கும். கடைசியில் இன்னொரு விசில். உடனே உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்து, கண்ணையும் வாயையும் பொத்தி, மூச்சை மெல்ல விட்டு, சிரிப்பை உள்ளே வைத்து மூட வேண்டும். இதற்கு முடிப்பு என்று டீச்சர் பேர் வைத்திருந்தார். “முடிப்புச் செய்யாம ஒருத்தரும் வட்டத்தை விட்டுப் போகக் கூடாது. கேஸை மூடாம வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புவீங்களா?” என்று தினமும் கேட்பார். ஒருத்தரும் அப்படிப் போனதில்லை, ஆவுடையம்மாள் போகிறவரைக்கும்.

ஆவுடையம்மாள் சண்முகவடிவுக்குச் சம்பந்தி. வடிவின் ஒரே மகள் பாகம்பிரியாளை ஆவுடையின் ஒரே மகன் சிதம்பரத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. சம்பந்திகளுக்குள் இருக்கிற முறைப்பு ஏதும் இல்லாமல், மைனி மைனி என்று, ஒரே பிளாக்கில் ஆவுடை மேல்மாடியிலும் வடிவு கீழேயுமாக இருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த வடிவின் வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, தட்டில் சோறு விழுவதற்குள் ஒருபக்கமாகச் சாய்ந்துபோனார். அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்த வடிவு, துஷ்டி கேட்க வந்தவர்கள் போய், வருஷத் திதியும் முடிந்து, சுவரில் உப்புப் பூத்து உதிர்ந்து மறுபடியும் பூத்த பிறகும் அப்படியே கிடந்தாள். அவளை எழுப்பிக் கூட்டிப்போனது ஆவுடைதான்.

“எனக்குச் சிரிப்பு வராது மைனி.”

“வராட்டாப் போவுது. வாயைத் தொறந்து வச்சுக்கிட்டு நில்லுங்க. ஈ உள்ள போறதுக்குள்ள வந்துரும்.”

அது வர ரொம்ப நாளாயிற்று. வந்த பிறகு வடிவு ஒரு நாளும் பூங்காவுக்குப் போகாமல் இருந்ததில்லை. அந்த வட்டத்தில் தன் இடத்தில் நிற்கிற நேரத்தில் மட்டும்தான் சுவர் தன்னைக் கூப்பிடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் விட்டாலும் அது கூப்பிடும் என்றும் தெரியும். அதனால்தான், பெங்களூரில் மகள் பிரியா பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்ப வேண்டிய காலம் வந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிகளில் ஒருத்தி போயாக வேண்டும் என்றானபோது, வடிவு தனக்கு முட்டுவலி என்று சொல்லிவிட்டாள். ஆவுடை அவளுடைய முட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், “நான் போய்ட்டு வாரேன் மைனி” என்றாள். மீன் விற்று ஓய்ந்த லூர்தம்மாளுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. “முட்டுவலிக்காரி சிங்கச் சிரிப்புக்கு நல்லாத்தான் குனியுதா” என்றாள்.

கிளம்புகிற அன்றைக்கும் ஆவுடை பூங்காவுக்கு வந்தாள். வாதாமரத்தடியில் அவளுடைய இடம். அவள் சிரிப்பை அந்தக் காலனியில் கண்ணைக் கட்டிவிட்டாலும் அடையாளம் சொல்வார்கள்: தகர டப்பாவில் சோழியைக் குலுக்கினதுபோல எடுத்து, நடுவில் ஒரு விக்கல் விக்கி, பிறகு மாடிப்படியில் தேங்காய்கள் உருண்டு வருவதுபோல இறங்கும். அது பாதிப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது சிதம்பரம் காரிலிருந்து ஹாரன் அடித்தான். அப்புறம் இன்னொரு தடவை அடித்தான். அப்புறம் இறங்கியே வந்து, “அம்மா, வெயிலுக்கு முந்தி மதுரையைத் தாண்டணும்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். வட்டம் தாண்டுகிறவரை வாய் விரிந்திருந்த ஆவுடையம்மாள், கார்க் கதவுக்குப் போகும்போது சாதாரணமாக மூடிய வாயோடு இருந்தாள். டீச்சரின் விசில் ஊதப்படாமலே உதட்டில் நின்றது.

மறுநாள் காலையில் விசில் ஊதியதும் எல்லாரோடும் சேர்ந்து வாதாமரத்தடியிலிருந்து ஆவுடையம்மாளின் சிரிப்பும் வந்தது. லூர்தம்மாள் திரும்பிப் பார்க்காமலே, “ஆவுடை போவலியோ” என்றாள். பிறகு திரும்பிப் பார்த்து, “ஆளு போயிட்டா. இது போவல” என்று சொல்லிவிட்டுச் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு அடுத்த கைதட்டலுக்குத் தயாரானாள். டீச்சர் வட்டத்தைச் சரிசெய்யும்போது அந்த இடத்தை மட்டும் நெருக்காமல் விட்டார். முடிப்பு விசிலுக்கு எல்லாரும் மூடினார்கள், அது மூடவில்லை. மூடக் கை இல்லாததால் அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏறப் புறா குமுறுவதுபோலத் தணிந்து, சாயங்காலம் கடல்காற்று எழும்பினதும் சோழி குலுங்கிக்கொண்டு மறுபடி எடுத்தது.

ஆட்சேபம் சொன்னவர் மாசானம் ஒருத்தர்தான். பூங்காவை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தவர். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கவுன்சிலரைக் கூட்டிவந்து மரத்தடியில் நிறுத்தினார். கவுன்சிலர் கேட்டார், மரத்தைச் சுற்றி வந்தார், “மைக்செட்டா இருந்தாப் புடுங்கிட்டுப் போகலாம்ணே. வாய் இல்லாத சத்தத்துக்கு நான் என்ன நோட்டீஸ் குடுக்க?” என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் தானும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனார். ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்த மாசானம், பிறகு அது இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்று ஜன்னலை மரத்தைப் பார்க்கத் திறந்துவைத்துப் படுக்க ஆரம்பித்தார்.

அதற்குள் காலனி அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது. சோறு இறங்காத பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து ஊட்டினார்கள். சிரிப்பு எடுக்கிற நேரம் பார்த்து வாய் திறக்கும், உருண்டையை உள்ளே தள்ளிவிடலாம். காய்கறி வண்டிக்காரர் தன் நிறுத்தத்தை அங்கே மாற்றிக்கொண்டார். பரீட்சையில் தோற்ற பையன், வரன் தட்டிப்போன பெண், மருமகளோடு பேச்சு நின்றுபோன மாமியார், அதே வீட்டு மருமகள், எல்லாரும் ஏதோ ஒரு நேரத்தில் வந்து மரத்தில் முதுகைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். யாரோ மரத்தில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், லூர்தம்மாள் விட்டுக்கொடுக்காமல் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டாள், எலுமிச்சம்பழத்தைக் குத்த வந்தவர்களை மட்டும் டீச்சர் விசில் ஊதி விரட்டினார். சிரிப்பின் சொந்தக்காரி எங்கே, எப்படி இருக்கிறாள் என்று முதலில் தினமும் கேட்டவர்கள், பிறகு எப்போதாவது கேட்டார்கள், பிறகு அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே மரத்தின் வயதைப்போல யாருக்கும் தேவைப்படாத சங்கதியாகிவிட்டது.

வட்டத்துப் பெண்களும் மெல்ல மெல்லச் சிரிப்பதை விட்டார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதுமாக இருந்தது. குனிய வேண்டாம், நாக்கை நீட்ட வேண்டாம், பொய்யிலிருந்து தொடங்க வேண்டாம். ஆளுக்கொரு நாற்காலி கொண்டுவந்தார்கள். டீச்சர் விசிலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

வடிவு மட்டும் நின்றாள். ஆவுடைக்குப் பக்கத்து இடம் அவளுடையது, அதனால் அந்த விக்கலை அவள் அளவுக்கு யாரும் கிட்டத்தில் கேட்டதில்லை. அது நீண்டுகொண்டு வந்தது. சோழி குலுங்கும், விக்கும், பிறகு தேங்காய் உருள்வதற்கு முன்னால் ஒரு வெற்றிடம் வரும். முதலில் இமைக்கிற நேரம், பிறகு இரண்டு பேர் எதிரெதிரே வந்து ஒதுங்கிப் போகிற நேரம். மற்றவர்கள் அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் விக்கியது விக்கியபடியே நின்று, வண்டிக்காரர் வந்து தராசைத் தொங்கவிட்டுக் கத்தரிக்காய் விற்று முடிக்கிறவரைக்கும் உருளவில்லை. வடிவு அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

“அத்தை எப்படி இருக்காவ?”

“உனக்கு யாரும்மா சொன்னா?” என்று கேட்டாள் பிரியா. பிறகு சொன்னாள். அத்தை பேச்சைக் குறைத்துவிட்டாள். பிள்ளைக்குக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பால் கலக்கி எல்லாம் செய்கிறாள், ஆனால் பிள்ளை சிரித்தால் அதை எங்கேயோ ஓடுகிற டிவியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். “இன்னைக்குக் காலைல பால்கனிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழயே பாத்துக்கிட்டு நிக்காவம்மா. கூப்பிடக் கூப்பிடத் திரும்ப மாட்டேங்காவ. பதினோராவது மாடி. அவரு போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தாரு. இப்பதான் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வச்சோம்.”

அவள் சொல்லி முடிக்கும்போதுதான் வாதாமரத்தடியில் தேங்காய்கள் உருண்டன, அதுவும் நாலைந்து படி உருண்டு நின்றுவிட்டன.

“போனை அவககிட்ட குடு” என்றாள் வடிவு.

“ஹலோ” என்றது ஒரு குரல். தண்ணீர் வராத குழாயைத் திறந்ததுபோல இருந்தது.

வடிவு போனை மரத்தடியில், ஆவுடையின் வாய் இருந்திருக்கக்கூடிய உயரத்தில் நீட்டிப் பிடித்தாள். சிரிப்பு மறுபடி எடுத்தது: சோழி, விக்கல், நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு உருளல். கை வலித்தும் இறக்காமல் பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தாள்.

“கேட்டியளா மைனி?”

“கேட்டேன்.”

“யாருன்னு தெரியுதா?”

“தெரியலியே மைனி” என்றாள் ஆவுடையம்மாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரோ நல்லாச் சிரிக்காவ. அவகளுக்கு ஒரு கவலையும் இல்ல போல” என்றாள்.

வடிவு அன்றைக்கு டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் எல்லாம் தெரிந்தவர்போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் விசில் ஊதி என் கையால பொத்துனா அது அடங்கிரும் வடிவு. ஆனா அடங்குனது அடங்குனதுதான், அவங்களுக்குப் போய்ச் சேராது. அவங்க கைதான் வேணும். அவங்க இங்க வந்து நிக்கணும்.”

“வந்தா, திரும்பிப் போக வேண்டாமா?”

“போகலாமா, அதை நீங்களே சொல்லுங்க.”

வடிவு வீட்டுக்கு வந்தாள். சுவரைப் பார்த்தாள். புதிதாக உப்புப் பூத்திருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு மகளைக் கூப்பிட்டு, அத்தையைக் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

“பிள்ளைய யாரு பாப்பா? எனக்கு லீவு கெடையாதும்மா. உன்கிட்ட நான் என்னத்த மறைக்க, நானும் அழுதுட்டுத்தான் ஆபீஸ் போறேன்.”

“நான் வாரேன்.”

“உனக்கு முட்டுவலின்னே.”

“அது சரியாப் போயிட்டு.”

“சரிம்மா” என்றாள் பிரியா.

சிரிப்பை மூடப் போகிறார்கள் என்ற செய்தி காலனிக்குள் பரவிய விதத்தில் ஒரு வருத்தம்தான் இருந்தது, அது ஆவுடையம்மாளுக்காக இல்லை. சோறூட்டுகிறவர்கள் வந்து கேட்டார்கள். கல்யாணம் தட்டிப்போன பெண்ணின் தாய் வந்து, இன்னும் ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா, நல்ல இடம் ஒன்று கூடி வருகிறது என்றாள். மாசானம் தூங்க வேண்டிய நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வடிவின் வாசலில் வந்து நின்றார்.

“யக்கா, நான் முதல்ல கம்ப்ளெயின்ட் பண்ணவன்தான். இப்ப அது இல்லாட்டா எனக்கு வீட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லக்கா.”

“அவகளுக்கும் உள்ள ஒண்ணும் இல்ல தம்பி” என்றாள் வடிவு.

தை மாதத்து லீவில், பிள்ளையும் பெரியவர்களுமாக எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்தின் கார் வந்தது. ஆவுடையம்மாள் மெலிந்திருந்தாள், தலையை யாரோ நன்றாகத்தான் வாரி விட்டிருந்தார்கள். காலனியே பூங்காவில் நின்றது. வடிவு அவள் கையைப் பிடித்து, தன்னை ஒரு காலத்தில் அவள் கூட்டிவந்ததுபோலவே கூட்டிவந்து, வாதாமரத்தடியில் நிறுத்தினாள். சிரிப்பு நின்றுவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது நிற்கவில்லை. தன் நடுவிலே யாரோ அந்நியர் வந்து நிற்பதுபோல அவளைச் சுற்றிக்கொண்டு சிரித்தது. ஆவுடை, கல்யாண வீட்டில் யாரையும் தெரியாத விருந்தாளியின் முகத்தோடு நின்றாள்.

டீச்சர் நெடுநாளைக்குப் பிறகு விசிலை எடுத்து முடிப்பு ஊதினார். பெண்கள் நாற்காலிகளைத் தள்ளி எழுந்து, மறந்துபோன கைகளைத் தேய்த்துப் பொத்திக்கொண்டார்கள். ஆவுடையின் கைகள் தொங்கின. டீச்சர் மறுபடி ஊதினார். தொங்கின.

வடிவு வட்டத்தின் ஒழுங்கை விட்டு முன்னால் வந்து, அந்த இரண்டு கைகளையும் எடுத்து ஒன்றோடொன்று வைத்து, ஜன்னி கண்டவளுக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். உள்ளங்கை மரக்கட்டைபோல இருந்தது. நின்று நின்று தன் முட்டு நிஜமாகவே வலிக்கத் தொடங்கும்வரை தேய்த்தாள். சூடு வந்ததும், அந்தக் கைகளைத் தூக்கி அந்த முகத்தின்மேல் வைத்துப் பொத்தி, அதற்குமேல் தன் கைகளை வைத்து அழுத்திக்கொண்டாள்.

சோழி குலுங்கியது. விக்கியது. அப்புறம் பூங்காவில், எத்தனையோ மாதமாக இல்லாதிருந்த முழு அமைதி வந்தது. தூரத்தில் துறைமுகத்துச் சங்கு ஊதியது எல்லாருக்கும் கேட்டது.

கைகளுக்குள்ளிருந்து வந்தது அழுகை. முதலில் சிறிதாக, பிறகு படிப்படியாக உருண்டு, விக்கலுக்குப் பின்னால் இத்தனை நாளும் வராமல் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வந்தது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிங்கச் சிரிப்புக்குக் கைவைக்கிற இடம் தெரியும், போன் சிரிப்புக்குத் தெரியும். இதற்கு டீச்சர் ஒன்றும் சொல்லித்தந்ததில்லை. டீச்சர் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “போச்சா” என்றார் மாசானம். தன் வீட்டுக்குப் போய் ஜன்னலை ஒவ்வொன்றாகச் சாத்தினார். பிள்ளைகள் கிண்ணத்துச் சோற்றோடு கலைந்தார்கள். வண்டிக்காரர் வண்டியை அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். லூர்தம்மாள் ஒரு நாற்காலியை இழுத்து ஆவுடையின் பின்னால் போட்டு, “உக்காந்து அழு. நின்னுக்கிட்டே எம்புட்டு நேரம் அழுவ” என்றாள்.

ஆவுடை அன்றைக்கும் மறுநாளும் அழுதாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இடையில் ஒரு தடவை பேரனின் கால் கொலுசைப் பார்த்துவிட்டு, “இது எப்ப போட்டது?” என்று கேட்டாள். அவளே போட்டதுதான். சிதம்பரம் எழுந்து வெளியே போனான்.

லீவு முடிந்து கார் திரும்புகிற காலையில் வடிவு பையை டிக்கியில் வைத்துவிட்டுப் பூங்காவுக்கு வந்தாள். மரம் சும்மா நின்றது. பெண்கள் சிரிக்க முயற்சி செய்தார்கள். கேட்டுக்கேட்டே பழகிவிட்டதால் தகரத்தில் ஆணி இழுப்பதுபோலத்தான் வந்தது. பொய்யிலேயே நின்றது, ஒருத்திக்கும் நிஜமாகவில்லை. வடிவுக்கும் இல்லை. ஆவுடை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

காரில் பிள்ளை அழுதது. சிதம்பரம் ஹாரன்மேல் கையை வைத்தான், பிறகு எடுத்துக்கொண்டான்.

“மைனி, விட்டுட்டுப் போங்க” என்றாள் ஆவுடை, வடிவுக்கு மட்டும் கேட்கும்படி. “மூடாமப் போங்க. இங்கனயே கெடக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன். அங்க கொண்டு போனியன்னா செத்துப் போவும்.”

“அங்க பார்க் கெடையாதா மைனி?”

“இருக்கு. மாடியிலருந்து பாத்தாத் தெரியும். கைக்குட்டையை விரிச்சுப் போட்டாப்ல.”

“அப்ப எறங்கிப் போவேன்.”

“லிப்ட்டு பட்டனை அமுக்கத் தெரியணும்லா. எனக்குக் கடைசிவரை தெரியல. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு.”

“கத்துக்கிடுதேன்” என்றாள் வடிவு. “பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அமுக்குவேன். தப்பா அமுக்குனா வேற மாடியில நிக்கும். நின்னா அங்க எவளாவது இருப்பா.”

டீச்சர் விசிலைப் பையிலிருந்து எடுத்து ஊதினார். எல்லாரும் தேய்த்தார்கள். வடிவும் தேய்த்து, கண்ணையும் வாயையும் பொத்தி, மூச்சை விட்டாள். பிறகு மற்றவர்களைப்போலக் கையை உதறாமல், முகத்திலிருந்து எடுத்த இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, தண்ணீர் ஏந்தியவள்போல நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உள்ளே ஏதாவது இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. திறந்து பார்க்கவில்லை.

பெண்கள் ஒவ்வொருத்தியாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லூர்தம்மாள் ஆவுடையைத் தோளோடு அணைத்து, காப்பி ஆறிவிடும் என்று வைதுகொண்டே கூட்டிக்கொண்டு போனாள். டீச்சர் போனார். பூங்காவின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. வடிவு கையைப் பிரிக்காமல் முழங்கையால் அதைத் தள்ளி, உப்பில் துருவேறிய அதன் கிரீச்சுச் சத்தம் தணிவதற்குள் வெளியே வந்து, பிள்ளையின் அழுகை கேட்கிற பக்கமாக நடந்து போனாள்.